சத்தத்தை நிறுத்திக்கொண்டு போன கேரல் வண்டி

இன்று சாயங்காலம் அச்சு முறுக்கு எண்ணெயில் கிடந்தபோது தெருமுனையில் கிறிஸ்துமஸ் பாட்டோடு வரும் கேரல் வண்டிச் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். உன் வீட்டை நெருங்கியதும் அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. லோடு ஆட்டோ உன் வாசலை ஊமையாகக் கடந்து, இரண்டு வீடு தள்ளி மறுபடியும் அலற ஆரம்பித்தது. உன் வீட்டு கேட் திறந்திருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு உன் வீட்டுக்காரர் நடையில் காத்துக்கொண்டு நின்றார்.

நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. துக்க வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் தொங்காது, பலகாரம் வேகாது, கேரல் பாடுகிறவர்கள் நிற்கமாட்டார்கள் என்பது நம் சபையில் எழுதாத சட்டம். அதை யார் போட்டது என்று முதலில் கேட்டவள் நீ. அதுவும் என் வாசலில் நின்று.

என் கணவர் இறந்த வருடம் அது. யாரும் வர வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பியிருந்தேன். பிறர் முன் அழுகிற பழக்கம் எனக்கில்லை. கான்வென்டில் சிஸ்டர்கள் நம் இருவரையும் அப்படித்தான் வளர்த்தார்கள். உன்னிடம் மட்டும் அது ஒட்டவில்லை. கேரல் வருகிற இரவில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே உன் குரல்.

“ஏட்டி, கதவத் திற. இல்லன்னா ஜன்னல் வழியா பாடுவோம்.”

சபையின் மூத்தவர் ஒருவர் பின்னாலிருந்து, “துக்க வீட்டுல வந்து கொட்டு அடிக்கலாமா? அந்தம்மா சந்தோஷமாவா இருக்காவ?” என்றார்.

“கர்த்தர் பிறந்த அன்னைக்கு மேய்ப்பர்கள் மட்டும் சந்தோஷமாவா இருந்தாவ, அண்ணாச்சி? குளிர்ல ஆட்டுக்குக் காவல் கிடந்தாவ. வெளிச்சத்தப் பாத்துப் பயந்துல்லா போனாவ. பயந்தவங்களுக்குத்தான் தேவதூதர்கள் வந்து பாடுனாவ. சந்தோஷமா இருக்கவன் வீட்டுல பாட தூதர்கள் எதுக்கு? டேப் ரிக்கார்டர் போதும்.”

வாயை மூடு என்று சொல்லத்தான் கதவைத் திறந்தேன். அதற்குள் பாட ஆரம்பித்துவிட்டீர்கள். இரண்டாம் சரணத்தில் நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை கேரல் என்றால் பண்டிகை வாழ்த்து என்றே நினைத்திருந்தேன். வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் ஆளைப் பார்த்து வரலாம். செய்தி கொண்டு வருகிறவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. இந்த இருட்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் அவர் பிறந்தார் என்று யாராவது வந்து சொல்ல வேண்டியிருந்தது. நீ சொன்னாய்.

மறுநாள் உனக்கு நன்றி சொல்லவில்லை. மூன்றாம் சரணத்தில் சுருதி இறங்கிவிட்டது என்று மட்டும் சொன்னேன். “இறங்கத்தான செய்யும். உன் மூஞ்சியப் பாத்துல்லா பாடினேன்” என்றாய்.

இன்று நான் வண்டியை மறித்தேன். கையில் எண்ணெய் சொட்டும் முறுக்கு அச்சு இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். கேரலை நடத்தும் பிரின்ஸ் இறங்கி வந்தான்.

“பெரியம்மா, மரியாதைக்குத்தான ஆஃப் பண்ணுனோம்.”

“துக்க வீட்டுக்காக நிறுத்துறதுக்கு இது என்ன சினிமாப் பாட்டா? திரும்பிப் போய்ப் பாடு. மெஷின் வேண்டாம், வாயால பாடு.”

சிவப்புத் தொப்பி வைத்த அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரின்ஸ் குரலைத் தாழ்த்தினான். “பாட்டு பென்டிரைவ்ல இருக்கு, பெரியம்மா. எங்களுக்குப் பல்லவி மட்டும்தான் தெரியும். சரணத்துக்கு வாய அசைப்போம்.”

தெரியாதது குற்றமில்லை. தெரியாமலே கர்த்தருக்கு முன்னால் வாயசைத்தது குற்றம். பாட்டு தேவைப்பட்ட ஒரே வாசலை மரியாதை என்று சொல்லித் தாண்டிப் போனது அதைவிடப் பெரிய குற்றம். இரண்டையும் நடுத்தெருவில் வைத்தே சொன்னேன். அவர்கள் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு ராஜபாளையம் ரோட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

நான் உன் வீட்டுக்குள் போனேன். “அண்ணே, உக்காருங்க. நான் பாடுதேன்.”

நாம் ஐம்பது வருடம் சேர்ந்து பாடிய பாட்டைத்தான் எடுத்தேன். முதல் சரணம் முடியுமுன் அவர் கையைக் காட்டினார். “என்ன பாட்டு இது, தங்கச்சி? கேட்டதே இல்லையே.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருடமும் நான் பாடியது இரண்டாம் குரல், ராகத்துக்கு அடியில் ஓடுகிற ஆல்டோ. ராகம் உன் வாயில் இருந்தது. அது எனக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தேன். தேடினேன், தொண்டைக்கு வரவில்லை. வார்த்தை ஒன்று தப்பவில்லை. பாட்டு மட்டும் இல்லை. அவ்வளவு பேரைத் திட்டிவிட்டு வந்தவள் நான்.

முதல் வரியை வாய்விட்டுச் சொன்னேன். “ஓ, அதுவா” என்றார். “அவ தோசை சுடும்போது பாடுவா.” வருடத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஆராதனைக்கு வருகிற மனிதர் கண்ணை மூடி முனக ஆரம்பித்தார். குரல் கரகரத்தது, தாளம் நிற்கவில்லை. ஆனால் ராகம் அதுதான். நீ தப்பாக மூச்சு வாங்கும் இடங்களில்கூட அவரும் மூச்சு வாங்கினார். நான் அடியில் என் குரலை வைத்தேன். நான்கு சரணமும் பாடினோம்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். சொல்லாமல் போனாய். என்னிடம் நீ விட்டுப்போனது பாட்டின் கீழ்ப்பாதி. தனியாகப் பாடினால் யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆனாலும் அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

கிளம்பும்போது உன் வீட்டுக்காரரிடம், “ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வாரேன். மத்த பாட்டையும் சொல்லிக் கொடுங்க” என்றேன்.

“எனக்கு எங்க பாடத் தெரியும், தங்கச்சி?”

“தெரியாதுதான், அண்ணே. ராகம் தெரியும்லா.”