டிரெய்லர் பார்க்காத மனுஷனுக்கு

என்னங்க,

சோறும் முட்டைப் பொரியலும் மூடி வைத்திருக்கிறேன். நேற்று மாதிரி கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை வரும் படத்துக்காக மாதக்கணக்காகக் காத்திருப்பவர் நீங்கள். டிவியில் டிரெய்லர் வந்தாலே காதைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடுவீர்கள். உங்களிடம் போய், "அந்த டாக்டர்தான் வில்லன், பாருங்க!" என்று உளறிவிட்டேன். "இனி நான் எதுக்கு? நீயே போய்ட்டு வா" என்று தட்டை நகர்த்திவிட்டீர்கள்.

கல்யாணத்துக்கு முன் என்னை வாயாடி, முன்கோபி என்று ஆளாளுக்குச் சொன்னபோது, "யாரும் கதை சொல்லாதீங்க, நானே பார்த்துக்கறேன்" என்றீர்களாம். அத்தைதான் சொன்னார். அதே குணம்தானே இது! இதையா இத்தனை நாள் கேலி செய்தேன்?

வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டில் கொடுங்கள். சாயங்காலம் என் தம்பி வருவான். படத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரியில் ஷிப்டும் மாற்றிக்கொண்டேன்.

இன்னொன்று: டாக்டர் வில்லன் என்று டிரெய்லரில் எங்கும் இல்லை. நானாக ஊகித்ததுதான். என் ஊகம் இதுவரை ஒரு படத்திலாவது பலித்திருக்கிறதா, சொல்லுங்கள்? தைரியமாக வாங்க.