ஹார்மோனியஸ் என்ற சொல்லுக்கு உன் அம்மா சொன்ன பொருள்

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
14-9-1952

அன்பு மகள் ஃப்ளோராவுக்கு, நானும் உன் அம்மாவும் தேக சுகத்தோடு இருக்கிறோம், கரக்பூர் ஆஸ்பத்திரியில் நீயும் நல்லபடி இருக்க மாதாவிடம் மன்றாடிக்கொண்டே இதை எழுதுகிறேன். ஒரு மாதமாக அப்பாவிடமிருந்து கடிதம் இல்லையே என்று கலங்கியிருப்பாய். பட்டறையில் வேலைநிறுத்தம் நடந்தது, இருபத்திரண்டு நாள். அதை எழுதினால் நீ டியூட்டியில் மனம் ஒட்டாமல் இருப்பாய் என்று எழுதாமல் விட்டேன். இப்போது முடிந்துவிட்டது, நல்லபடியாகவே முடிந்தது, முடித்துவைத்தது உன் அம்மா. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, முழுவதும் படி.

தண்டையார்பேட்டை மஜீதை உனக்குத் தெரியும், எங்கள் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவர், நீ கோயிலில் புதுநன்மை வாங்கிய அன்று அத்தர் வாங்கிக்கொண்டு வந்தாரே அவர்தான். கிரேன் சங்கிலி பாரம் தூக்கும்போது ஒரு மாதிரி சத்தம் போடுகிறது, இதை மாற்றாமல் இனிமேல் பாய்லர் தகடு தூக்க மாட்டேன் என்று ஜூலை மாதமே ஃபோர்மேனிடம் சொன்னார். சொன்னார், சொன்னார், கேட்பாரில்லை. ஒரு நாள் கைப்பிடியை விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார். எதிர்த்துப் பேசியதாகச் சொல்லி அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அதற்குத்தான் நாங்கள் எல்லோரும் வெளியே வந்தோம். மூன்று பேரைப் பிரதிநிதியாக வைத்தார்கள், அதில் உன் அப்பனும் ஒருத்தன்.

போன புதன்கிழமை சமாதானப் பத்திரம் வந்தது. கேட்டுக்குப் பக்கத்து ஆபீஸ் வராந்தாவில் மேசை போட்டு, ஹெட் கிளார்க் அதன் தமிழ்ப் பிரதியை உரக்க வாசித்தார். வேலை நாளையே தொடங்கும், மஜீது விஷயம் பிறகு ஆலோசிக்கப்படும், தொழிலாளர் யாவரும் எதிர்வார்த்தை கூறாமல் அடங்கி ஒழுக வேண்டும் என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. இங்கிலீஷிலும் அப்படியே இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, கேளும் என்று அந்த வரியை இங்கிலீஷில் வாசித்தார், அதில் ஹார்மோனியஸ் என்று ஒரு வார்த்தை வந்தது. அந்த வார்த்தைக்கு அர்த்தமே அதுதான், அடங்கி நடப்பது என்றார். மகளே, உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. மற்ற இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். உனக்கு எழுதிக் கேட்கலாம் என்றால் கடிதம் போய்வர ஒரு வாரம் ஆகும். களைத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

அம்மா தினமும் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கேட்டில் கொடுப்பாள். அன்றும் தூக்குச் சட்டியோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தவள், இந்தாய்யா கொஞ்சம் இரு என்று என் தோளைத் தொட்டாள். கிளார்க்கைப் பார்த்து, இன்னாங்க அது, அந்த வார்த்தைய இன்னொரு தபா சொல்லுங்க என்றாள். அவர் சொன்னார். அது எங்க கோயில் வார்த்தையாச்சே, நீங்க சொல்ற அர்த்தம் அதுக்குக் கிடையாது என்றாள் உன் அம்மா. கையெழுத்துப் போடத் தெரியாதவள், லத்தீன் பாட்டையெல்லாம் காதால் கேட்டே பாடம் பண்ணினவள், ஐம்பது ஆண்பிள்ளைகள் நடுவில் நின்று சொன்னாள். கோயில்ல நாங்க நாலு குரல்ல பாடறோம், மேல்குரலுக்கு ஒரு மெட்டு, எனக்கு வேற மெட்டு, ஆம்பளைங்களுக்கு ரெண்டு. நாலும் வேற வேறயா போய்க்கினு ஒண்ணா சேருதே அதுக்குத்தான் ஃபாதர் ஹார்மனின்னு சொல்வாரு. எங்கள்ல ஒருத்தி வாய மூடிகினா கோலால தட்டி நிறுத்திடுவாரு, ஹார்மனி பூட்ச்சின்னு. நீங்க இன்னாடான்னா வாய மூடறதுதான் ஹார்மனின்றீங்க என்றாள்.

கிளார்க்குக்குக் கோபம் வந்துவிட்டது. பொம்பளைங்களுக்கு இங்கே என்ன வேலை என்றார். சத்தம் கேட்டு மேனேஜர் துரை உள்ளேயிருந்து வந்து என்ன என்று விசாரித்தார். நீங்க சொல்ல வேணாம், நானே சொல்லிக்கிறேன் என்று கிளார்க்கைக் கைகாட்டி நிறுத்திவிட்டு அம்மா தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள். அவளுடைய இரண்டாம் குரலைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது, ஏதோ முனகுகிற மாதிரி இருக்கும். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. அவள் நிறுத்தவில்லை. அப்போது தன் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த ஞானபாக்கியம், கோயிலில் மேல்குரல் பாடுகிறவள், அங்கிருந்தே எடுத்தாள் பார். இரண்டு குரலும் சேர்ந்ததும் சிரித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் அம்மா பத்திரத்தைக் காட்டி ஹார்மோனியஸ் என்றாள். பிறகு ஞானபாக்கியத்தின் வாயைக் கையால் பொத்தி, தலையை ஆட்டி, நோ ஹார்மோனியஸ் என்றாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷே அவ்வளவுதான்!

துரை கிளார்க்கிடம் தமிழில் என்ன எழுதியிருக்கிறது, ஒரு வார்த்தை விடாமல் சொல் என்று கேட்டார். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். யார் சொல்லி அப்படி எழுதினார் என்று இதுவரை தெரியவில்லை. துரைக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த வரியை அவரே பேனாவால் அடித்து நீக்கினார். எனக்கும் அப்போதுதான் குரல் வந்தது. அப்படியானால் மிஷினில் கோளாறு என்று சொல்கிறவனை நீக்கக்கூடாது என்றும் எழுதுங்கள், மஜீது உள்ளே வராமல் நாங்கள் வரமாட்டோம் என்றேன். அவர், முதலில் சங்கிலியைச் சோதிக்கட்டும், மஜீதும் கூட இருக்கட்டும் என்றார். வெள்ளிக்கிழமை இறக்கிப் பார்த்தார்கள். மேலே உருளையோடு சேருகிற இடத்தில் ஒரு கண்ணியில் நகம் நுழைகிற அளவுக்கு விரிசல். தகடு தூக்கும்போது அதற்குக் கீழே நின்று கைகாட்டுகிறவன் நான் என்பது உனக்குத் தெரியும். சனிக்கிழமை புதுச் சங்கிலி மாட்டினார்கள், மஜீது மறுபடி கிரேனில் ஏறினார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, யக்கோவ், இருவது நாளா நாங்க கத்தினது ஏறாத காதுல நீ ஒரு பாட்டுல ஏத்திட்டியே என்றார். அம்மா காபி ஆறுகிறது குடி என்றாள்.

கோயிலில் ஃபாதரிடம் போய் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். தமிழில் இசைவான என்று சொல்லலாமாம். பாட்டுக்கு மட்டுமல்ல, புடவையில் சேருகிற நிறங்களுக்கும், ஒற்றுமையான குடும்பத்துக்கும், கட்டடத்துக்கும் கூடப் போடுவார்களாம். ஆனால் ஒற்றையாக இருப்பதற்குப் போடுவது வழக்கமில்லை, குறைந்தது இரண்டு வேண்டும் என்றார். அங்கே உன்னோடு இருக்கிற இங்கிலீஷ் நர்சுகள் அதை எப்படியெல்லாம் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது.

இன்று காலைப் பூசையில் நான் பாட்டுக்காரர்களுக்கு நேர் கீழே போய் நின்றேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், பாட்டுப் பழக்கத்துக்கு அவள் போகும்போதெல்லாம் முணுமுணுத்தவன் நான், ஒரு நாளாவது அதில் அவள் குரல் எது என்று கேட்டதில்லை. இன்றைக்கும் முதலில் பிடிபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். மேல்குரலுக்குக் கீழே, ஆண்குரல்களுக்கு மேலே, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பிடித்த பிறகு கடைசிவரை விடவில்லை.

அங்கே பனிக்காலம் சீக்கிரம் வருமாம், கம்பளியை இப்போதே வெயிலில் போட்டு வை. வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக, உன்னிடம் வருகிற நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். கடைசியாக ஒன்று, மறக்காதே. இதுவரை கவரின் மேல் என் பெயரைத்தான் எழுதுகிறாய். இனிமேல் அம்மா பெயருக்கு, திருமதி வியாகுலம்மாள் என்று எழுது. தபால்காரர் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடட்டும், தெருவெல்லாம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிராயிருக்கும் அப்பா,
ச. வெள்ளத்துரை