காற்றில்லாத சைக்கிளும் இரண்டு நிமிடமும்

ஏனுங்க,

பதினேழு வருடமும் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். "என் ஆருயிரே" என்று இப்போது புதிதாக ஆரம்பித்தால் மேலே இருந்துகொண்டு விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அதனால் ஏனுங்க என்றே இருக்கட்டும்.

அயர்லாந்து நர்ஸ் வேலைக்கான இங்கிலீஷ் பேச்சுத் தேர்வை மூன்றாவது தடவையாக முடித்துவிட்டு வந்துவிட்டேன். முடிவும் தெரிந்துவிட்டது. ஆனால் உடனே சொல்ல மாட்டேன். எல்லாவற்றிலும் அவசரக்காரர் நீங்கள், போவதிலும்கூட. இந்த ஒருமுறையாவது பொறுமையாகக் கேளுங்கள்.

இரண்டாவது தடவை தோற்றுவிட்டு துடியலூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? அழுத முகத்தோடு வந்தவளிடம் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "என்ன கேட்டாங்கம்மணி?"

"சைக்கிளைப் பத்திக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

கோச்சிங் கிளாஸில் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தேன். உங்களோடு வந்திருந்த நம் மகள் காவ்யா அதை உங்களுக்குத் தமிழில் சொன்னாள். என் பிறந்தநாளுக்குத் தாத்தா ஒரு சிவப்பு சைக்கிள் பரிசளித்தார், தினமும் அதை ஓட்டுகிறேன், சைக்கிள் சுற்றுச்சூழலுக்கு நல்லது. நீங்கள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தீர்கள் பாருங்கள், எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"உங்க தாத்தன் நீ பொறக்கறதுக்கு முந்தியே போயிட்டாருன்னு உங்கம்மா சொன்னாங்களே!"

"கிளாஸ்ல முப்பது பேரும் அதைத்தானுங்க படிச்சோம்."

"முப்பது பேருக்கும் ஒரே தாத்தனா? நல்ல குடும்பம் போ. அது கெடக்குது, உனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதே அம்மணி!"

தெரியாது என்று சொன்னால் மார்க் போய்விடும் என்றேன். ஏன் தெரியாது என்று சொல்லு பார்க்கலாம் என்றீர்கள். அதை அதுவரை யாருமே என்னிடம் கேட்டதில்லை.

அப்போதுதான் சொன்னேன். பதினொன்றாம் வகுப்பில் எல்லாருக்கும் அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள். எந்த டயரிலும் காற்று இல்லை. ஓட்டத் தெரிந்த பிள்ளைகள்கூடத் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். நானும் நாலு கிலோமீட்டர் தள்ளினேன், ராணி மாதிரி. வாசலில் நிறுத்தியதும் எங்கள் அப்பா, "அம்மணிக்குத்தான் பஸ்ஸு இருக்குதே" என்றார். மறுநாள் காலையில் அண்ணன் அதில் காற்றடித்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டான். என் சைக்கிளில் நான் ஒருநாள்கூட ஏறவில்லை.

சொல்லி முடித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "இதை இங்கிலீசுல சொல்லு" என்றீர்கள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாம் நீங்கள்தான் எனக்குத் தேர்வாளர். மேட்டுப்பாளையம் மண்டியில் காய்கறி லோடு இறக்கிவிட்டு வருவீர்கள். சட்டையில் கேரட் மண் வாசம் அடிக்கும். காவ்யா தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுத்த கேள்வியை எடுத்து வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டு, "டிஸ்க்ரைப் எ பைசைக்கிளுங்க" என்பீர்கள். தேர்வாளர் 'ங்க' போட மாட்டார் என்று எத்தனை தடவை சொன்னேன்! "மரியாதை குடுத்தா மார்க்கா கொறையும்?" என்று கேட்ட ஆள் நீங்கள்.

என் வியாதி வேறு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது. நம் பக்கத்தில் பெண் பிள்ளைகளை அப்படித்தானே வளர்க்கிறார்கள்? பெரியவர்கள் முன்னால் தன்னைப் பற்றி நீட்டி முழக்கினால் வாயாடி என்று பேர். தேர்விலோ இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேச வேண்டும். நான் மூன்று வாக்கியம் சொல்லி, "தேங்க் யூ சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

நீங்கள் செல்போனில் நேரத்தைப் பார்ப்பீர்கள். "முப்பது செகண்டு. நாலு மூட்டை எறக்கற நேரங்கூட ஆவுலயே." பிறகு முன்னால் சாய்ந்து உட்கார்ந்து ஒரே வார்த்தை கேட்பீர்கள்: "அப்பறம்?"

டயரில் காற்று இல்லை என்பேன். அப்பறம்? கை வலித்தது என்பேன். அப்பறம்? அண்ணன் மேல் கோபம் வந்தது, அப்பாவிடம் கேட்கப் பயமாக இருந்தது என்பேன். அப்பறம்? நீங்கள் கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. நான் சொன்ன இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூட உங்களுக்குப் புரிந்திருக்காது. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு அத்தனை ஆசையாகக் கேட்டீர்களே, அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? முப்பது செகண்டு ஐம்பது ஆயிற்று. அது ஒரு நிமிடம் இருபது செகண்டு ஆனது உங்களுடைய கடைசி ஞாயிற்றுக்கிழமை.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை காலையில், கிளம்பும்போது நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நின்றீர்கள். என்னங்க என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, வாயுப் பிடிப்பு. நீ கெளம்பு, பஸ்ஸு போயிரும்" என்றீர்கள். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு டியூட்டிக்கு ஓடிவிட்டேன். மண்டியிலேயே சாய்ந்துவிட்டீர்கள் என்று போன் வந்தபோது யாரோ ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். எனக்காக நீங்கள் நூறு தடவை கேட்டதை உங்களிடம் நான் ஒரு தடவை திருப்பிக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஐந்து மாதம் புத்தகத்தைத் தொடவே இல்லை. காவ்யாதான் தூசி தட்டி எடுத்து வந்தாள். "அப்பா அவ்வளவு நேரம் கேட்டது வீணாப் போவணுமா?" என்றாள். அயர்லாந்து ஆஸ்பத்திரி கொடுத்திருந்த வேலைக் கடிதத்துக்கும் கெடு நெருங்கிவிட்டது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

தேர்வு அறையில் ஒரு கண்ணாடி போட்ட அம்மா இருந்தார். அட்டையை நீட்டினார். உங்களுக்குச் சொந்தமாக இருந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இருந்தது. குறிப்பு எழுதிக்கொள்ள ஒரு நிமிடமும் பென்சிலும் கொடுத்தார்கள். மற்றவர்கள் என்ன எழுதுவார்களோ தெரியாது. நான் தமிழில் ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு தடவை எழுதினேன்: அப்பறம்? அப்பறம்? அப்பறம்? அப்பறம்?

எனக்கு ஒரு சைக்கிள் இருந்தது, ஆனால் நான் அதை ஓட்டியதே இல்லை என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். மூன்று வாக்கியத்தில் வழக்கம்போல நின்றேன். காகிதத்தைப் பார்த்தேன், மறுபடி பேசினேன். அப்பாவைச் சொன்னேன், அண்ணனைச் சொன்னேன், இந்தக் கதையை என்னிடமிருந்து முதன்முதலில் வாங்கிய உங்களைச் சொன்னேன். பேர் வேறு சொல்ல வேண்டி வந்தது. பதினேழு வருடத்தில் முதல் தடவையாக உங்கள் பேரை வாய்விட்டுச் சொல்லிப்போட்டேனுங்க, கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நிமிடம் ஆகிவிட்டது என்று அந்த அம்மாதான் கையைக் காட்டி நிறுத்தினார். எனக்கு இன்னும் பேச்சு பாக்கி இருந்தது.

பாஸாகிவிட்டேனுங்க. அந்த ஆஸ்பத்திரி கேட்டதற்கு மேல் அரை மார்க். வரும் தை மாதம் கிளம்புகிறேன். காவ்யா பரீட்சை முடியும் வரை எங்கள் அம்மாவிடம் இருந்துவிட்டு என்னிடம் வருவாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன வாரம் பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் கால் கட்டு மாற்ற எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். முகம் வேர்த்திருந்தது. என்னங்க பண்ணுது என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி, வெயிலு."

கட்டு மாற்றியாயிற்று. வரிசையில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். நகர முடியவில்லை எனக்கு. "அப்பறங்க?" என்றேன். ராத்திரி தூக்கமில்லை என்றார். "அப்பறங்க?" இடது தோள் கடுக்கிறது என்றார். "அப்பறங்க?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "காத்தால இருந்து நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுங்க. ஊட்டுல சொன்னா பயந்துக்குவாங்கன்னு சொல்லல" என்றார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டார். நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டார். கும்பிட வேண்டிய ஆள் நானில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எந்த ஊரானாலும் சரி, எந்த பாஷையானாலும் சரி, ஒன்றுமில்லை என்று சொல்கிற ஒருவரை அப்படியே விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓட மாட்டேன்.

உங்களிடம் கேட்க மறந்ததை இனி எல்லாரிடமும் கேட்கப்போகிற,
உங்கள் வீட்டு அம்மணி