வலது கையின் வீக்கம்

அன்புள்ள சொர்ணவல்லி,

நீயும் பாப்பா இளமதியும் சுகமா? திருவரங்குளத்தில் மழை உண்டா? வீடியோ காலில் சொன்னால் "கையக் காட்டுங்க" என்பாய். அந்தப் பயத்தில்தான் லீவில் ஊருக்கு வரும் என் அறைத்தோழன் அருள்மணியிடம் இந்தக் கடிதம். எழுத்து கோணல், இடது கை.

வேலையில் கண்ணாடிப் பலகை சரிந்து வலது மணிக்கட்டில் ஒரு நரம்பு அறுந்தது. தைத்துவிட்டார்கள், பெரிதாக ஒன்றுமில்லை. கை வீங்கியதும், வற்றினால் சரியாகிவிடும் என்று நம் வீட்டு வழக்கப்படி நானே மாத்திரை வாங்கி விழுங்கினேன். தமிழ் டாக்டர் திட்டினார். "கேக்காம முழுங்காதீங்க. செத்த நரம்ப ஒடம்பு சுத்தம் பண்றப்ப வீங்கத்தான் செய்யும். அப்பத்தான் புதுசு வளரும். ரொம்ப நாள் நீடிச்சாலும் கெடுதல்தான்." இப்போது வீங்கினாலும் பயம், வற்றினாலும் பயம். விரலில் உணர்ச்சி இல்லை; டீ கிளாஸ் சுட்டதே கொப்புளம் கண்ட பிறகுதான் தெரிந்தது.

உணர்ச்சி திரும்ப, தெரிந்த துணிகளைக் கண்ணை மூடித் தடவிப் பழகச் சொல்கிறார் டாக்டர். உன் பழைய சுங்குடிச் சேலையில் ஒரு துண்டும், இளமதியின் பட்டுப்பாவாடையில் ஒரு துண்டும் அருள்மணி திரும்பும்போது அவனிடம் கொடுத்துவிடு. இப்போது அவன் ஊருக்குக் கிளம்பி நிற்கிறான், முடிக்கிறேன். எது யாருடையது என்று விரலுக்குத் தெரிகிற அன்று நானே கையைக் காட்டுகிறேன். அதுவரை கேட்காதே.

சேவுகன்