நாலு விரல் மடிப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் அம்மாவும் சௌக்கியம், என் தையல் மெஷினுக்குத்தான் மூட்டு வலி, எண்ணெய் போட்டும் முனகுது. நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு கேட்கலாம்தான், ஆனா பேத்தி போன வாரமே போன்ல ரகசியமா எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டா. தாத்தா, பால் குடிச்சா உயரமாயிடுவேனாம், உயரமானா பெரியவளானப்புறம் வியாதி வருமாம், அம்மா பாலையும் முட்டையையும் நிறுத்திட்டாங்கன்னு சொல்றா. ஒன்பது வயசுப் பிள்ளைகிட்ட பேசுற பேச்சாடி இது?

உங்கம்மாவுக்கு இதைப் பத்தி எழுதக் கூச்சம். காலமெல்லாம் பொம்பளைங்க துணி தைக்கிறவன் நான், மார்புன்னு எழுத எனக்கென்ன வெட்கம். நம்ம டாக்டரம்மா புதுக் கோட்டு போட்டுப் பார்க்கக் கடைக்கு வந்தப்போ நேரா கேட்டுட்டேன். கேட்டுட்டு வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டதால அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேச முடியலை, உங்கம்மாவுக்கு இந்த வித்தை முன்னாடியே தெரிஞ்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பா. நீ படிச்சது பொய் இல்லையாம். சின்ன வயசுல மளமளன்னு வளர்ந்த உயரமான பொண்ணுங்களுக்குப் பின்னாடி மார்பகப் புற்றுநோய் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்னு நிறைய பேரை ஆராய்ஞ்சு பார்த்துச் சொல்லியிருக்காங்களாம், ஏன்னு இன்னும் முழுசா பிடிபடலையாம். வேடிக்கையைக் கேளு, சின்னதுல ஒல்லியா இருந்தவங்களுக்கும் கொஞ்சம் கூடுதலாம்! நீ பாலை நிறுத்தி அவளை எலும்பும் தோலுமா ஆக்கி என்னத்தைச் சாதிக்கப் போறே? அதுக்காகப் போட்டுத் திணிக்கவும் வேண்டாம், உயரமானவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இது வர்றதே இல்லை, வளர்ற பிள்ளைக்கு ஒழுங்கா சாப்பாடு போடச் சொல்லுங்கன்னாங்க.

அதோட விட்டாங்களா, உங்க பொண்ணும் நல்ல உயரமாச்சே, அவங்க பரிசோதனை பண்ணிக்கிட்டாங்களான்னு கேட்டாங்க. குண்டூசி தொண்டைக்குள்ள போகப் பார்த்துச்சு. நீ ஒட்டகம்னு பேரெடுத்தவ. பத்து வயசுல ஒரே வருஷத்துல உன் யூனிஃபார்ம் மடிப்பைப் பிரிச்சுப் பிரிச்சு இறக்கினேன், கடைசியில இறக்குறதுக்கு மடிப்பே இல்லாம வேற துணியில பட்டை வச்சுத் தச்சேன், அதுக்கு நீ ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே. உங்க ஊர் டாக்டர், வயசு நாற்பது தாண்டியாச்சு, மார்புக்கு மேமோகிராம் எடுங்கன்னு போன வருஷமே சொல்லிட்டாரு, நீ அடுத்த மாசம் அடுத்த மாசம்னு தள்ளிக்கிட்டே இருக்கே. உன் பயத்தைத் தூக்கிப் பிள்ளை தலையில வச்சிட்டு நீ போக வேண்டிய இடத்துக்குப் போகாம இருக்கே. கோபம் கோபமா வருதுடி. பயமாவும் இருக்கு.

அந்தப் பயத்துல நான் அடிச்ச கூத்தையும் சொல்லிடுறேன். பேத்தி பிறந்தநாளுக்கு நீலக் கவுன் தச்சேன். பட்டன் வைக்க எடுத்த உங்கம்மா, என்னங்க இது, கீழ மடிக்கத் துணியே விடலை, பிள்ளை வளராம இப்படியே நின்னுடணுமான்னு கேட்டா. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. குழந்தைங்க துணியில மடிப்பு விடாம நான் வெட்டினதே கிடையாது, கை தன்னால வெட்டியிருக்கு பாரேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? அதை ஓரமா போட்டுட்டு வேற துணி வாங்கி, நாலு விரல் மடிப்பு விட்டுப் புதுசா தச்சேன்.

அம்மாவும் போய் மேமோகிராம் எடுத்துட்டு வந்துட்டா, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. சூடு இல்லாத இஸ்திரிப் பெட்டியில வச்சு அமுக்கின மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்னு சிரிக்கிறா.

கவுனைப் பார்சல்ல போட்டாச்சு. பிள்ளைக்கு இன்னைக்கே பாலைக் கொடு, அவளைக் கூப்பிட்டு வளருடி கண்ணுன்னு உன் வாயால சொல்லு. மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு இந்த வாரமே பரிசோதனைக்குப் போ, அங்க என்ன சொன்னாலும் எங்ககிட்ட மறைக்காம சொல்லு. நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும். அவ வளர்ற வேகத்துக்கு அடுத்த வருஷமே மடிப்பைப் பிரிக்க வேண்டி வரும், அதுக்கு அடுத்த வருஷமும் வரும். தையலை லேசாத்தான் போட்டிருக்கேன், உனக்கே பிரிக்க வரும். ஒவ்வொரு தடவையும் பிரிச்சு விட நீ இருக்கணும்டி.

இப்படிக்கு,
உன் அப்பா