எட்டாவது மருந்து

செவ்வாய்க் கிரகம், நாள் 412. காலை 7.10

வெளி வெப்பம் மைனஸ் எழுபத்தொன்று. குடிலின் காற்றழுத்தம் சரி. என் உடல் வெப்பம் நூற்றொன்று. வழக்கம்போல.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் சங்கரவடிவு. செவ்வாயின் வடமுனைப் பனிக்கட்டியைத் துளைத்து ஆராய வந்தவள். எட்டு மாதமாகக் காய்ச்சல். என்ன கிருமி என்று தெரியவில்லை. தொற்றிக்கொள்ளுமோ என்று பயந்து, நிலையத்துக்கு வெளியே இந்தக் குடிலில் என்னைத் தனியாக வைத்திருக்கிறார்கள். நிலையத்தில் ஆறு பேர். அதில் ஒருவர் என் கணவர் கோமதிநாயகம். செடி வளர்ப்பும் சமையலும் அவர் பொறுப்பு.

இன்று எட்டாவது மருந்து தொடக்கம், நரம்பு வழியாக. ரத்தம் பார்க்கும் இயந்திரம் பச்சை விளக்கைக் காட்டி 'நோய்க்கிருமி இல்லை' என்கிறது. அப்படியானால் தினமும் என்னைப் போட்டு உதறுவது யார், அதன் மாமனாரா? பூமியிலிருந்து ஒரு நிபுணர் 'வீட்டு ஏக்கமாக இருக்கலாம்' என்று எழுதினார். வீட்டு ஏக்கம் நூற்றொன்று வரை ஏறுமா என்று கேட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை.

நாள் 470இல் எல்லோரும் ஊர் திரும்பக் கப்பல் கிளம்புகிறது. இரண்டு வாரம் தொடர்ந்து காய்ச்சல் இல்லாமல் இருந்தால் என்னை ஏற்றுவார்கள். தென்காசியில் எங்கள் மகள் உலகம்மைக்குப் பத்து வயது. அவளிடம் போக வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

நாள் 413. பகல் 12.40

தானியங்கி வண்டி சாப்பாடு கொண்டுவந்தது. கூடவே கோமதிநாயகத்தின் குரல்:

"வடிவு, புது மருந்து வயித்தப் புண்ணாக்கிரும்லா. தயிர் ரெண்டு கிண்ணம் வச்சிருக்கேன். மிச்சம் வச்சேன்னு தெரிஞ்சுது, கவசத்த மாட்டிக்கிட்டு அங்கயே வந்து ஊட்டிவிட்ருவேன், பாத்துக்கோ."

ஊரிலிருந்து ஒரு குப்பி உறைமோரோடு செவ்வாய்க்கு வந்த ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும். பால்பொடியைக் கரைத்துக் காய்ச்சி, முந்தின நாள் தயிரில் ஒரு கரண்டி விட்டு, வந்த நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் உறையூற்றுகிறார். மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது கிண்ணத்தோடு வரிசையில் நிற்கிறார்கள்.

மருந்தால் நாக்கு செத்துக் கிடக்கிறது. தயிர் ஒன்றுதான் தொண்டையில் இறங்குகிறது. இரண்டு கிண்ணமும் காலி.

நாள் 421. காலை 9.00

புழுதிப்புயல். வண்டி வராது. குடிலில் இருக்கும் பொட்டலக் கஞ்சிதான் சாப்பாடு. அதைச் சாப்பாடு என்று சொல்வதற்கே ஒரு பெரிய மனசு வேண்டும். நிலையத்தின் காற்று இயந்திரத்தில் புழுதி ஏறிவிட்டதாம். உடல் வெப்பம் நூறு.

நாள் 433. காலை 7.05

தொண்ணூற்றெட்டு. ஏழாவது நாளாகத் தொண்ணூற்றெட்டு.

எட்டாவது மருந்தே, நீ நன்றாக இருக்க வேண்டும். மூச்சு வாங்காமல் குடிலை ஒரு சுற்று நடந்தேன். துளைப்பு மாதிரிகளை எடுத்துக் கட்டி வைத்தேன். வானொலியில் கோமதிநாயகம்:

"ஏளா, கப்பல்ல ஜன்னலோரம் உனக்குத்தான். டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். உலகம்மைக்கும் சொல்லியாச்சு, அம்மா வாரான்னு."

சொல்லியாச்சா! கொஞ்சம் பொறுத்திருக்கலாம் இந்த மனிதர். ஆனால் சிரிப்பு வருகிறது. நிறுத்த முடியவில்லை.

நாள் 436. மாலை 4.30

புயல் ஓய்ந்தது. வண்டி வந்தது. இத்தனை நாள் பட்டினிக்கு ஈடாக மூன்று கிண்ணம் தயிர். ஒரே மூச்சில் முடித்தேன்.

நாள் 440. காலை 7.15

நூற்றிரண்டு. குளிர் நடுக்கம். கால் வீக்கம். இயந்திரம் பச்சை.

அதன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். கை வலிக்கிறது.

நாள் 444. காலை 11.20

நிலைய மருத்துவர் பெர்பெத்துவா, தூத்துக்குடிக்காரி. மூன்று நாளாக இயந்திரத்தின் உள் கணக்குகளைக் கிளறிக்கொண்டிருந்தாள். தனி அலைவரிசையில் அழைத்தாள்:

"அக்கா, உக்காந்து கேளுங்க. மெஷின் ஒவ்வொரு தடவையும் உங்க ரத்தத்துல ஒரு கிருமியப் பாத்திருக்கு. தயிர்க் கிருமி. நல்ல கிருமிதான, எங்கயோ கலந்துருக்கும்னு தள்ளிவிட்ருக்கு. அப்படித் தள்ளச் சொல்லி வச்சது நாமதான். எங்களுக்கு அது ஒண்ணும் செய்யாது. உங்களுக்குச் சின்ன வயசுல வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வுல தழும்பு விட்ருக்கு. அங்க போயி ஒட்டிக்கிச்சு. மருந்து அதக் கொன்னுகிட்டேதான் இருந்துச்சு, அக்கா. நாம திரும்பத் திரும்பக் குடுத்துகிட்டே இருந்தோம்."

பிறகு மிச்சத்தையும் சொன்னாள். வால்வை அது அரித்துவிட்டது. கப்பல் மேலே எழும்பும் இழுப்பை என் இதயம் தாங்காது. அடுத்த கப்பல் இரண்டு வருடம் கழித்து. மருந்து ஐந்து மாதத்துக்கு இருக்கிறது. அடிவாங்கிய காற்று இயந்திரம் ஒருவருக்குத்தான் ஈடுகொடுக்கும். துணைக்கு யாரும் தங்க முடியாது.

தொற்று நோய் இல்லை என்றும் சொன்னாள். குடில் கதவை இன்றே திறக்கலாமாம்.

நாள் 445. காலை 8.00

யோசித்தேன். கதவு திறந்தால் அவர் உள்ளே வருவார். என்னைக் கட்டிக்கொள்வார். எட்டு மாதம் ஆகிறது அந்த மனிதரின் கை என் மேல் பட்டு. வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, என்ன கிருமி என்பதாகத்தான் இருக்கும். எனக்குப் பொய் வராது, அதுவும் அவர் முகத்தைப் பார்த்து.

தயிர் என்று தெரிந்தால் அவர் பிழைக்க மாட்டார். உலகம்மைக்கு ஒருவராவது முழுசாக வேண்டும்.

பெர்பெத்துவாவிடம் சொன்னேன்: மற்ற எல்லோருக்கும் இது இன்னும் பெயர் தெரியாத கிருமி. தொற்றும். கதவு திறக்காது. அவள் சண்டை போட்டாள். நான் மூத்தவள், ஜெயித்தேன்.

நாள் 458. பகல் 1.00

வண்டி வந்தது. தயிரைக் கழிவில் ஊற்றினேன். வானொலியில் கேட்டார்:

"தயிர் எப்டி இருக்கு? புளிச்சுட்டோ?"

"இல்லங்க. நல்லா உறைஞ்சிருக்கு."

நூறு. ஆனால் மூச்சு குறைகிறது.

நாள் 469. மாலை 5.10

வந்தார். கவச உடையோடு ஜன்னலுக்கு வெளியே நின்றார். கையுறையைக் கண்ணாடியில் வைத்தார். உள்ளிருந்து நானும் வைத்தேன். கண்ணாடி மட்டும்தான் சில்லென்று இருந்தது.

"ஒரு தடவ திற வடிவு. எனக்கு வந்தா வரட்டும்."

"உலகம்மைக்கு யாருங்க இருக்கா? கிளம்புங்க. நேரமாச்சு."

வேண்டுமென்றே எரிந்து விழுந்தேன். மெதுவாகப் பேசியிருந்தால் கை தானாகக் கதவுக்குப் போயிருக்கும். அவர் அழுதது தலைக்கவசத்துக்குள் தெரிந்தது. துடைக்க முடியாமல் நின்றார்.

நாள் 470. காலை 10.02

கப்பல் எழும்பியது. தரை அதிர்ந்தது. கோளாறு எதுவும் இல்லை. அவ்வளவுதான்.

நாள் 492. நேரம் பார்க்கவில்லை

கப்பலிலிருந்து செய்தி. ஒலி விட்டுவிட்டு வருகிறது.

"வடிவு… பூமிக்கு எந்தக் கிருமியும் வரக்கூடாதாம், கப்பல்ல உறைமோர்க் குப்பிய எரிக்கணும்னாங்க. நான் குடுக்கல. இது என்ன பாவம் செஞ்சுதுன்னு சத்தம் போட்டேன். டாக்டரம்மா அழுதுட்டா… எல்லாஞ் சொல்லிட்டா. ஏளா, என் கையால… நானே என் கையால உனக்கு… உனக்குத் தெரிஞ்சுல்லா இருந்துருக்கு. அதுக்காகவா கதவத் திறக்கல?"

பதில் பேசி அனுப்பினேன். உங்கள் மேல் தப்பில்லை என்று. பெற்றுக்கொண்டதற்கான குறி வரவில்லை. குடிலின் ஆன்டெனா அவ்வளவு தூரம் எட்டாது. நிலையத்தின் பெரிய ஆன்டெனா வரை நடக்க எனக்கு மூச்சு இல்லை.

திரும்ப அனுப்பினேன். குறி இல்லை.

நாள் 49… கணக்கு தப்பிவிட்டது

அனுப்பினேன். குறி இல்லை. கால் மரத்துவிட்டது. உட்கார்ந்தபடி எழுதுகிறேன்.

கண்டெடுப்பவரே, தென்காசியில் கோமதிநாயகம் என்று கேளுங்கள். எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லுங்கள். பசியாற்றினார். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை

எப்படியும் தெரிந்துவிட்டதே அவருக்கு

கப்பல் கிளம்ப மூன்று வாரம் இருந்தது. பக்கத்தில்தான் இருந்தார். ஜன்னல் வரைக்கும் வந்தார்

கதவைத் திறந்திருக்கலாம்