இரண்டு பெட்டிக்கும் ஒரே ஃபேஸ்

என் ஆசை மாமாவுக்கு,

நீ இல்லாமல் முதல் முறையாக நம் மைக் செட்டை ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குக் கொண்டுபோய் வந்துவிட்டேன். கட்டின புருஷன் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அஞ்சாம் வகுப்புப் படிப்பின் எழுத்துதான், பொறுத்துக்கொள். என்னைப் போல ஆளைப் பறிகொடுத்தவர்கள் யாராவது படித்தாலும் படிக்கட்டும்.

உன் காரியம் முடிந்ததிலிருந்து உன் தம்பி குமாருக்கு ஒரே பேச்சு, ஸ்பீக்கர் பெட்டிகளை விற்றுவிடலாம் என்று. கோடம்பாக்கத்தில் ஆளே பார்த்துவிட்டான்.

"அண்ணி, நீ டீ வாங்கியாந்து குடுத்துக்கினு இருந்தவ. இந்தத் தொழில்ல உனுக்கு இன்னா தெரியும்?"

"அபிராமபுரம் ரிசப்ஷன நான் பாக்கறேன். சொதப்பினா நானே வித்துட்றேன், போதுமா?"

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். செட்டு போனால் எனக்கும் நம் தேவிக்கும் வேறு பிழைப்பு ஏது?

அன்றைக்கு மேடைக்கு இரண்டு பக்கமும் பெட்டி வைத்தோம். குமார் மைக்கில் "ஹலோ, ஹலோ" என்றான். இடது பெட்டிப் பக்கம் போனால் நன்றாகக் கேட்டது. வலது பக்கமும் அப்படியே. நடு நாற்காலியில் வந்து நின்றால் குரலில் சதையே இல்லை, வெறும் எலும்பு. கல்யாணப் பெண்ணின் அப்பா பதறிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது, தகர டப்பாக்குள்ளேர்ந்து பேசறாப்ல இருக்கே?"

குமார் வால்யூமை ஏற்றினான். கீயென்று அலறியதுதான் மிச்சம்.

"பெட்டி பூட்ச்சு அண்ணி. வர்ற வெலைக்குத் தள்ளு."

பெட்டி போயிருந்தால் தனியாகக் கேட்டாலும் கெட்டுத்தானே கேட்க வேண்டும்? ஒன்றை நிறுத்தச் சொன்னேன், மற்றது கணீரென்றது. மாற்றி நிறுத்தச் சொன்னேன், அதுவும் கணீர். சேர்ந்தால்தான் சண்டை. உன் வாயில் ஓயாமல் புரண்ட அந்தச் சொல் அப்போது நினைவுக்கு வந்தது. ஃபேஸ்.

தேவியின் பிளஸ் டூ புத்தகத்தில் அதற்குக் கட்டம் என்று போட்டிருக்கிறது. "இன்னாடி, ஜாதகக் கட்டமா?" என்று கேட்டிருக்கிறேன். "ஐயோ அம்மா! அலை ஏறிக்கினு கீதா, எறங்கிக்கினு கீதா, எந்த எடத்துல கீதுன்னு சொல்றதும்மா" என்று சிரித்தாள். ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்தால் இரண்டும் அழிந்துபோகுமாம்.

எனக்கு மேடு பள்ளம் தெரியாது, ஸ்பீக்கருக்குள் அதிரும் அட்டை தெரியும். நீ ஒயரில் பேட்டரியைத் தொட்டு எடுக்கும்போதெல்லாம், அட்டை வெளியே குதிக்கிறதா உள்ளே போகிறதா என்று பார்த்துச் சொன்னவள் நான்தானே? ஒரு அட்டை காற்றைத் தள்ளும் நேரத்தில் இன்னொன்று இழுத்தால், நடுவில் இருக்கிறவன் காதுக்கு என்ன மிஞ்சும்? தூளியை ஒருத்தி தள்ளும்போதே எதிர்ப்பக்கம் இன்னொருத்தியும் தள்ளினால் அது ஆடுமா?

வலது பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். எலி கடித்த ஒயரை வெட்டி முறுக்கியபோது குமார் மாற்றிவிட்டிருக்கிறான். சிவப்பு போக வேண்டிய இடத்தில் கறுப்பு, கறுப்பு போக வேண்டிய இடத்தில் சிவப்பு. ஆம்ப்ளிஃபையரை நிறுத்திவிட்டுப் பிரித்தேன், சரியாக முறுக்கினேன், போய் நடுவில் நின்றேன்.

"இப்ப பேசுடா."

"இன்னாத்த பேசறது?"

"உங்க அண்ணன் பேரச் சொல்லு."

வால்யூமைக் கொஞ்சம் இறக்கினான். பிறகு மைக்கில், "செல்வம்" என்றான்.

அவன் நின்றது ஓரத்தில். ஆனால் உன் பெயர் இடது பெட்டியிலிருந்தும் வரவில்லை, வலதிலிருந்தும் வரவில்லை. யாருமே நிற்காத நடு மேடையிலிருந்து, முழு உடம்போடு வந்தது. ஃபேஸ் சேர்ந்தால் அப்படித்தான் கேட்கும். எத்தனையோ மண்டபத்தில் கேட்டதுதான். தெரிந்தும் நான் ஏன் மேடையில் உன்னைத் தேடினேன் மாமா?

ரிசப்ஷன் ஜோராக நடந்தது. பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது குமாரே கோடம்பாக்கத்துக்குப் போன் போட்டான். "இல்ல தல, விக்கல. எங்க அண்ணி உட மாட்டேங்குது" என்றான். என் பக்கம் திரும்பி, "இனிமே ஒயரு உன்னுது, லோடு என்னுது" என்று ஒரு பெட்டியைத் தோளில் தூக்கினான்.

விற்க மாட்டேன். எந்த மண்டபமானாலும் விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் நடு நாற்காலியில் நான் உட்கார்ந்து கேட்பேன். உன் பெயர் அங்கே நிறைவாகக் கேட்ட பிறகுதான் மைக்கை அடுத்தவர் கையில் கொடுப்பேன்.

உன் பெண்டாட்டி,
வசந்தா,
செல்வம் மைக் செட்